காயா

மாங்குளத்திலிருந்து கிழக்கே போகும் முதல் பஸ்.
ஒட்டுசுட்டானுக்கு முன்னால் ஒரு வளைவு,
மிதிபலகையில் நின்றபடி கண்டேன்:
காடெல்லாம் தூசிப் பச்சை,
ஒரு பற்றை மட்டும் நீலம்.
"நிப்பாட்டண்ணை."
"யானை நிக்கிற இடமடா"
கியரை மாற்றினார் சிவபாதம்.

லீவு கிடைத்துச் சைக்கிளில் போனால்
பூ கொட்டிவிட்டது.
எந்தப் பற்றையென்று தெரியவில்லை,
எல்லாம் ஒரே இலை.
ரிக்கற் புத்தகத்தின் பின்னட்டையில்
திகதி குறித்து வைத்து
மறுவருடம் அதே கிழமை போய்
சிவப்புச் சீலைத்துண்டு கட்டினேன்.

கறுத்த பழம் பதினொன்று.
பால்மாப் பேணிகளில் பத்து அழுகின.
மிஞ்சியதை ஆடு கடித்தது;
கடித்த இடத்தில் இரண்டாய்க் கிளைத்தது.
ஆறு வருடம், முழங்கால் உயரம்.
"விறகுக்கும் காணாது" என்பாள் சுகிர்தா.

இன்று கரிப்பட்டமுறிப்பு தாண்டுகையில்
அவளுடைய அழைப்பு:
"கம்பில நீல ஈ மொய்ச்சிருக்கெண்டு
விளக்குமாத்தோட போனன்.
அடிச்சும் பாத்தன்.
பறக்கேல்லையப்பா."

மிச்சக் காசு கேட்டவருக்கு
இரண்டுதரம் கொடுத்துவிட்டேன்.
வளைவு வந்தது.
எட்டிப் பார்த்தேன்,
சீலைத்துண்டு வெளிறிக் கிடந்தது.
காடு இன்னும் பூக்கவில்லை.