சாம்பிள்

ராயக்கோட்டை மண்டியில்
பெட்டிக்கு நாலு தக்காளி
எடுத்துக்கொள்வார் கமிஷன் கெம்பண்ணன்.
கேட்டால் ஒரே வார்த்தை: சாம்பிள்.
நூறு பெட்டி இறங்கினால்
ரெண்டு பெட்டி சாம்பிள்
அவர் வீட்டுக்கு நடந்து போகும்.

திம்மராயன் வாயைத் திறக்கவில்லை.
அதுதான் எங்களுக்குப் பயம்.

கெம்பண்ணன் மகளுக்குக் காதுகுத்து.
களி, ஆட்டுக்கறி, ஊரே பந்தியில்.
பரிமாறி முடித்ததும் எழுந்தான் இவன்,
கையில் தூக்குப்போசி.
இலைக்கு ஒரு துண்டு,
அதுவும் எலும்பில்லாததாய்ப் பார்த்து.
தாய்மாமன் இலையில் மட்டும் ரெண்டு.

"டேய், என்னடா இது!"
"சாம்பிள்ணா. சரக்கு எப்படின்னு
பார்க்காம எப்படி வாயில வெக்கறது?"

சிரித்த சிரிப்பில்
பந்தக்கால் சாய்ந்தது என்பார்கள்.
நான் அங்கேதான் இருந்தேன், சாயவில்லை.
என் இலையிலும் ஒரு துண்டு குறைந்தது.

மறுநாள் மண்டியில் சாம்பிள் இல்லை.
கதையை இங்கே நிறுத்தி
நீதி சொல்லிவிட்டுப் போகிறவர்கள்
தக்காளி போட்டவர்கள் இல்லை.

மூன்றாம் நாள்
சீட்டைப் பிரித்துப் பார்த்தோம்:
கழிவு, பெட்டிக்கு ஒரு கிலோ.

திம்மராயன் அதை நாலாய் மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
கெம்பண்ணன் புது வீட்டுக்கு
வருகிற தையில் பால் காய்ச்சுகிறார்.