மச்சையில் ஒரு சுற்றிவளைப்பு

வினிபெக்கில் ஜனவரி. கழித்தல் முப்பத்தொன்று.
ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில்
கார்கள் எல்லாம் மூக்கிலிருந்து வயர் தொங்க
மின்கம்பத்தில் கொழுவிக் கிடக்கின்றன,
உள்ளே ஓடுவது உறைந்துவிடக் கூடாதென்று.
ஐந்தாம் மாடி யன்னலில் நானும்
அப்படித்தான்.

பதினேழு வருடம் நகரசபை பஸ் ஓட்டியவன்.
ஒருநாள் ஸ்டியரிங் பிடித்த கையில்
யாரும் அடிக்காத நீலம்.
பல் தீட்டினால் தொட்டி சிவப்பு.
பிரஷ்ஷை மாற்று என்றாள் மனைவி.
மாற்றினேன்.

பிளேட்லெட் ஒன்பது.
குறைந்தது நூற்றைம்பது வேண்டுமாம்.
இடுப்பெலும்பில் திருகி எடுத்த துண்டைப் பார்த்துவிட்டு
டொக்டர் ஃப்ரீசன் வந்து கட்டில் விளிம்பில் இருந்தார்.
டொக்டர்மார் இருந்து கதைத்தால் நல்ல செய்தி இல்லை.
"மச்சையில் ஆட்களில்லை. கொழுப்புத்தான்."

சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம் கீறினார்:
இது தாய்க்கலம். இது டி கலம்.
இடையில் புள்ளி புள்ளியாய் சைட்டோகைன்,
கலத்துக்குக் கலம் போகிற செய்தி.
காய்ச்சல் வந்தால் காப்பாற்றுவதும் அதுதான்.
உனக்குள் ஒன்று, இன்ரபெரோன் காமா,
உன் தாய்க்கலங்களையே
காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சொல்லுக்குப் பிறகு
பேனா போன வழி எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மைதானம். ஆண்கள் எல்லாம் வரிசையில்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை.
ஒவ்வொருவராய் முன்னால் நடந்தோம்.
சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்கு.
ஆடினால் மற்றப் பக்கம்.
எனக்கு முன்னால் போனவன் ஞானசீலன்,
கையில் கணிதக் கொப்பி,
ரியூஷனுக்குப் போன வழியில் பிடிபட்டவன்.
ஆடியது.

"ஏன்?" என்று கேட்டேன்.
"தெரியாது" என்றார் ஃப்ரீசன். "அநேகமாகத் தெரிய வருவதில்லை.
ஏதோவொரு வைரஸைத் தேடி வந்திருப்பார்கள்.
தேடல் முடிந்தும் திரும்பிப் போகவில்லை."

மருந்து குதிரையிடமிருந்து.
நாலு நாள் ஏறியது. பல்லும் கட்டிலும் சேர்ந்து அடித்தன.
மாரிவிக் போர்வைக்கு மேல் போர்வை போட்டு,
குதிரைக்கு நன்றி சொன்னாயா என்றாள்.
எந்தப் பண்ணை, என்ன நிறம், ஒன்றும் தெரியாது.
சொன்னேன், தமிழில்தான்.

கூடவே ஒரு குளிசை. வெறும் வயிற்றில்.
பால்தேத்தண்ணி நாலு மணித்தியாலம் தள்ளி;
உண்மையான தண்டனை அதுதான்.
ஃப்ரீசன் இன்னொரு சீட்டைத் திருப்பினார்:
பிளேட்லெட் வேண்டும், வேண்டும் என்று
உன் உடம்பு கத்திக்கொண்டுதான் இருக்கிறது.
இரத்தம் முழுக்க அந்தக் குரல்தான்.
காமா முன்வாசலில் நின்று
அதன் வாயைப் பொத்துகிறது.
குளிசை பக்கத்துக் கதவால் போய்த் தட்டும்.

நல்லது டொக்டர்.
ஆனால் உள்ளே மிஞ்சிய ஒன்றிரண்டு பேர்
விளக்கை அணைத்துவிட்டு,
மூச்சையும் பாதியாக்கி இருப்பார்கள்.
தட்டுகிறவன் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?
அப்படி இருந்த இரவுகள் எனக்குத் தெரியும்.
முதல் தட்டலுக்கு யாரும் திறப்பதில்லை.
பத்தாவதற்கும் இல்லை.

பெப்ரவரி: எட்டு. ஏற்றினார்கள். பதினெட்டு. மறுபடி ஏழு.
யாரோ முகம் தெரியாதவர்களின் மஞ்சள் பைகள்
கொம்பில் தொங்கித் தொங்கி வற்றின.

மார்ச் கடைசிக் கிழமை
மாரிவிக் கடதாசியோடு ஓடி வந்தாள்.
இருபத்திரண்டு.
பத்து நாளாய் ஏற்றாமல்.

யாரோ திறந்திருக்கிறார்கள்.

கீழே ஒருவர் வயரைக் கழற்ற மறந்து
காரை எடுத்துவிட்டார்;
மஞ்சள் வால் பனியில் இழுபட இழுபடப் போகிறது.
சிரித்தேன்.
சிரித்த கையோடு, பழக்கத்தில்,
நாக்கால் முரசைத் தடவிப் பார்த்தேன்.
இரும்புச் சுவை இல்லை.
இன்றைக்கு இல்லை.