பதினொன்று புள்ளி நான்கு

நாற்பத்தொன்பது நாளாக மழை இல்லை.
தண்ணீர்மலை அடிவாரத்தில்,
பூங்கா மதிலுக்குப் பின்னால்
தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி.
அதைத் திருகித் திறந்து
அளவுநாடாவை இறக்குகிறேன்.
தண்ணீரைத் தொட்டால் அது கத்தும்.
பத்து மீட்டரில் கத்தவில்லை.
பதினொன்றில் கத்தவில்லை.
பதினொன்று புள்ளி நான்கில்
தூக்கம் கலைந்த குழந்தைபோல்
ஒரே ஒரு முறை.

போன வாரத்தைவிட ஒரு ஜெங்கால் கீழே,
என்கிறான் ரோஸ்லான்.
நான் சாண் என்பேன், அவன் ஜெங்கால் என்பான்.
இறங்கியது ஒன்றுதான்.
பக்கத்து ஓடை
தண்ணீரை எல்லாம் கொடுத்துவிட்டுக்
கற்களையும் பெயரையும் மட்டும்
வைத்துக்கொண்டிருக்கிறது.

தொலைபேசியில் புஷ்பலீலாவின் குரல், அல்பர்ட்டாவிலிருந்து:
அக்கா, முழங்கால்வரை பனி!
இரண்டு கோடை காய்ந்த ஊர் இது.
எல்லாரும் சிரிக்கிறார்கள்,
கிணறு தோண்டும் மார்ட்டாவைத் தவிர.
அவள் சொல்கிறாள்:
காய்ந்த மண் முதலில் தன் பழைய கடனை எடுத்துக்கொள்ளும்.
மிஞ்சினால்தான் ஆற்றுக்கு.
தரை இறுகியிருக்கும்போதே உருகிவிட்டால்
அதுவும் இல்லை, மேலோடு வழுக்கிப் போய்விடும்.
மெதுவாக உருகணும் அக்கா, ரொம்ப மெதுவாக.

நான் பனி பார்த்ததில்லை.
குளிர்பெட்டியின் மேல்தட்டைக்
கரண்டியால் சுரண்டியதோடு சரி.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் தேர் வந்தது.
லோரி லோரியாகத் தேங்காய்.
வேண்டுதல் உள்ளவர்கள் உடைத்தார்கள்,
வேண்டுதல் இல்லாதவர்களும் உடைத்தார்கள்.
கணுக்கால் நனையச் சாலையில் ஓடிய தேங்காய்த் தண்ணீருக்கு
ஓடையில் இல்லாத வேகம்.
தார் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.
சிமெந்து வாய்க்கால் கைகாட்டிய வழியில்
எல்லாம் கடலுக்கு.

பூசத்தன்று இரவு மழையும் வந்தது.
ஒரு மணி நேரம், எழுபது மில்லிமீட்டர்.
அடுக்குமாடியில் யாரோ தட்டு தட்டினார்கள்.
அது தேங்காய்த் தண்ணீர் போன வழியைக்
கேட்டுக் கேட்டுப் போனதுபோல் போனது.
காலையில் அளந்தேன்:
பதினொன்று புள்ளி நான்கு.
ரோஸ்லான் நாடாவை உதறிப் பார்த்தான்,
பேட்டரியை மாற்றிப் பார்த்தான்.
பதினொன்று புள்ளி நான்கு.

மூன்றாம் நாள் தண்ணீர்ப் பந்தலைப் பிரித்தார்கள்.
மிஞ்சிய ஐஸ் கட்டிகளை
மழைமரத்தடியில் கொட்டிச்
சாக்கு போட்டு மூடிவிட்டுப் போனார்கள்.
ரோஸ் சிரப் சிந்திய ஐஸ்,
ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு.
மதியம் முழுக்க உருகியது,
எங்கும் ஓடாமல்.
குவியலைச் சுற்றி ஒரு விரற்கடை மண் கறுத்தது.
சோறு தின்று வந்து பார்த்தேன், ஒரு கையகலம்.
விரலை விட்டேன்,
அடிக்கணுவரை குளிர்ந்தது.
நாலடி தள்ளி,
எழுபது மில்லிமீட்டர் வாங்கிய மண்ணைக் கிளறினேன்.
நகத்தில் தூசி.

படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்,
இங்கேயும் பனி, என்று.
சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.
வெகு நேரம் கழித்து இன்னொரு வரி:
மார்ட்டாவிடம் காட்டினேன்.
சிரிக்கவில்லை. எவ்வளவு ஆழம் நனைந்தது என்று கேட்கிறாள்.

ஒரு விரல், என்று எழுதினேன்.
இன்னும் பதினொன்று புள்ளி மூன்று ஐயும் சொச்சமும்
கீழே இருக்கிறது என்பதை
எழுதவில்லை.
ஈரத்தின் ஓரத்தில், சர்க்கரைக்கு வந்த எறும்புகள்
உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றன.

மூடியைத் திருகினேன்.
அடுத்த அளவு வியாழக்கிழமை.