இரண்டாவது பிறேக்

லேனர்ஸ் காரில் என் பக்கமும் ஒரு பிறேக் உண்டு.
ஒரே கம்பி; ஓட்டுபவர் மிதித்தால் என் பெடலும் தாழும்.
என் இடது கால் அதன்மேல் சும்மா கிடக்கும்,
அணைந்த அடுப்பில் பூனை கிடப்பதுபோல.

ரிஸ்மினா பின்சீற்றில் தன் முறைக்குக் காத்திருப்பவள்.
கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிறாள், கணக்கியல் படிக்கிறாள்,
கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
மூன்றாம் கிழமை, ஓர்ஸ் ஹில் இறக்கத்தில்
கொப்பியைத் திருப்பிக் காட்டினாள்:

"ஆரூரனுக்கு நாலு தரம் மிதிச்சீங்க, சேர்.
தினிதிக்குப் பதினொண்டு.
எனக்கு ஏழு."
பிறகு சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல்,
"நான் நடுவில" என்றாள்.

ஆரூரன் ஒற்றைக் கையால் ஓட்டுபவன்.
அநுராதபுரச் சந்தியில் ஒருநாள்
மீன் லொறிக்கும் எனக்கும் இடையில்
விரலளவு காற்று மட்டும் மிச்சம் வைத்தவன்.
அவனுக்கு நாலு.

நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன்
இரவு, கண்ணாடியிடம்.
எனக்குச் சிங்களத்தில் கனவே வரும்.
தினிதியை நங்கி என்றுதான் கூப்பிடுவேன்.
பெருநாள் வட்டிலப்பத்துக்கு முதல் ஆளாய்ப் போவேன்.
கண்ணாடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.
அதற்கு இடுப்புக்குக் கீழே தெரியாது.

காலைக் கேட்டேன்.
அது தொண்ணூற்றொன்றில் நின்றுகொண்டிருந்தது,
மணல்மூட்டைச் சென்றி ஒன்றின் முன்னால்.
சைக்கிளை விட்டு இறங்கு. உருட்டு. குனி.
முதலில் தரை தொட்டது இந்தக் கால்தான்.
அந்த உத்தரவு முடிந்துவிட்டதென்று
இதுவரை யாரும் அதற்குக் கடிதம் போடவில்லை.
தினிதி அப்போது பிறக்கவே இல்லை
என்று புத்தி சொல்கிறது. கால்
புத்தியிடம் படித்ததில்லை.

சரி, பதினொன்றுக்கு ஒரு சென்றி இருக்கிறது.
ஏழுக்கு?
தேடினேன். ஒரு காயமும் அகப்படவில்லை.
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
சொதியோடு சேர்த்துப் பரிமாறிய
"அவங்கள் அப்பிடித்தான்" மட்டுமே இருந்தது.
உப்புப் பார்க்காமலே விழுங்கியிருக்கிறேன்.

வியாழன், கோட்டை வாசலுக்கு அருகில்
குப்பைப் பையைக் கவ்விக்கொண்டு
புள்ளிமான் ஒன்று குறுக்கே பாய்ந்தது.
என் கால் போய்ச் சேர்ந்தபோது
பெடல் ஏற்கெனவே கீழே இருந்தது.

தினிதி எஞ்சினை நிறுத்தினாள்.
பெரியாஸ்பத்திரித் தாதி; குருநாகலிலிருந்து வந்தவள்.
"சேர் போனில் தமிழில் சத்தமாய்ப் பேசினால்
என் கை ஸ்டியரிங்கில் இறுகும்," என்றாள் சிங்களத்தில்.
"பஸ் ஏற்றிவிடும்போது அம்மா சொன்ன கதைகள்.
சேரைப் பற்றி இல்லை. ஆனாலும் இறுகும்."
பிறகு என் முழங்காலைப் பார்த்தாள்.
அவளிடம் இருப்பது வாட்டில் பொறுக்கிய தமிழ்,
முழுக்க வலியைப் பற்றியது:
"கால் நோகுதா, சேர்?
எப்ப இருந்து?"

மான் பையை மென்றுகொண்டிருந்தது.
பின்னால் ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது.
நான் பதில் சொல்லவில்லை.

கொப்பி இப்போது டாஷ்போர்டில் கிடக்கிறது.
நான் மிதித்தால் யாரும் கோடு போடலாம்.
நேற்றுத் தினிதிக்கு ஒன்பது. தேவைப்பட்டது இரண்டு.
ரிஸ்மினாவுக்கு ஆறு; ஒன்று தகராறில் இருக்கிறது.
ஆரூரனுக்கு எட்டு.
அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்கிறான்:
"எனக்கு மட்டும் ஏன், சேர்?"