வேலந்தாவளம் மெட்டல் விழா, மூன்றாம் வருடம்

எங்கள் லோகோவைக் கருவேல முள் என்றே நினைத்தார்
ஃபிளெக்ஸ் கடை ஜெயசீலன்.
“எழுத்து எங்க தம்பி?”
அதுதாண்ணே எழுத்து.

நூற்றிருபது கைப்பட்டை அடித்தோம்.
அறுபத்தெட்டு போனது,
அதில் பதினொன்று வாசிக்கிறவர்களுக்கே.

மேடை கேரளத்தில், ஜெனரேட்டர் தமிழ்நாட்டில்.
ஒயரிடம் யாரும் பர்மிட் கேட்கவில்லை.

ரெஜுலா இரட்டை மிதியில் இறங்கியதும்
சோதனைச்சாவடி ஓரம்
பல்லடம் திரும்பும் லாரியில்
காலிக் கோழிக்கூண்டுகள் கிடுகிடுத்தன.

டிரைவர் இறங்கி வந்தார்.
நிறுத்தச் சொல்லத்தான் என்று நினைத்தோம்.
பஞ்சு கேட்டார்.
இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு
கடைசிப் பாட்டுவரை நின்றார்.

போகும்போது ஸ்டிக்கர் ஒன்று வாங்கிப்
பின்கதவில் ஒட்டினார், தலைகீழாக.
சொல்ல வாயெடுத்த ஷிபினை
நான்தான் பிடித்து நிறுத்தினேன்.
எப்படி ஒட்டினாலும் முள் முள்தான்.
பல்லடம்வரை
குத்திக்கொண்டு போகட்டும்.