நான்கு திருகாணி ஓட்டைகள்

கழற்றியாயிற்று.
கேஸ் கீசர் தொங்கிய இடத்தில்
நான்கு திருகாணி ஓட்டைகள்.
அந்தச் சதுரத்துக்குள் மட்டும்
சுவர் இன்னும் புதிதாக இருக்கிறது.

எடைக்கு எடுக்க வந்தவர்
குமிழைத் திருப்பிப் பார்த்து
"நல்லாத்தானேம்மா இருக்குது" என்றார்.
நன்றாகத்தான் இருந்தது.
தேன்கனிக்கோட்டை மார்கழியில்
விடியற்காலை குழாயைத் தொட்டால் விரல் கடுக்கும்.
டப்பென்று பற்றிக்கொண்டு
நீலமாக, பல்வரிசை மாதிரி,
மூன்று வருடம் எரிந்து கொடுத்தது.
புகை கிடையாது, வாசனை கிடையாது,
கரி பட்ட ஒரு விரல்கூட
இந்த வீட்டில் கிடையாது.

குற்றம் அதுதான் என்று
அப்புறம் சொன்னார்கள்.

அன்றைக்கு முனிராஜு குளிக்கப் போனார்.
உடம்பில் பட்டு விழும் தண்ணீருக்கு ஒரு சத்தம்.
தரையில் நேராக விழும் தண்ணீருக்கு
வேறு சத்தம்.
வித்தியாசம் எனக்கு உறைக்க
ஒரு தோசை வேகும் நேரம் ஆனது.
அந்தத் தோசையை
இன்னும் திருப்பிப் போட்டபடி இருக்கிறேன்.

தாழ்ப்பாளைப் பெயர்த்தது நானா,
கூட ஓடிவந்த பால்காரப் பையனா, தெரியாது.
கன்னம் சிவந்து,
ஏதோ நல்ல சேதி கேட்டவர் போலப் படுத்திருந்தார்.
ஓசூர் ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஒரு வாயுவின் பெயரைச் சொன்னார்.
"காத்து போக வழி விட்டிருக்கணும்."
விட்டுத்தான் இருந்தது.
ஒரு முழத்துக்கு ஜன்னல் ஒன்று.
பனி வருகிறதென்று அட்டை வைத்து
நான்கு பக்கமும் டேப் ஒட்டி
அடைத்தவள் நான்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
அட்டையை மட்டும் யாரோ
கிழித்துப் போட்டிருந்தார்கள்,
நாங்கள் திரும்பி வந்தபோது.

கெலமங்கலத்திலிருந்து நஞ்சப்பா மேஸ்திரி வந்தார்.
கல்பலகை வீட்டில் துளை போடுவது
கல்லிடம் கடன் கேட்பது மாதிரியாம்.
இரண்டு நாள் உளி தேய்த்தார்.
செம்பு பாய்லர், கிலோ கணக்கில் வாங்கியது,
இடுப்பில் ஒரு நசுங்கல்.
பின்பக்கம் வெளியில் அடுப்பு,
தகரக் கூரைக்கு மேல் மூன்றடி புகைக்குழாய்,
சுடுதண்ணீர் மட்டும் சுவர் வழியாக உள்ளே.

விறகுக்குப் பஞ்சமில்லை.
பட்டுப்புழுக்காரர்கள்
இலை உருவி எறிந்த மல்பெரிக் குச்சி
ஒரு டெம்போ வந்து இறங்கியது.
காய்ந்தால் படபடவென்று எரியும்.
நாங்கள் முதல் நாள் போட்டது காயாதது.
காற்றும் திரும்பி அடித்தது.
வீடு முழுக்கப் புகை.
கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.
குளியலறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது,
பிறகு என்னைத் திட்டுகிற சத்தம்,
மறுபடி இருமல்.
அவ்வளவு நல்ல இருமலை
நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு ஜுபைதா
வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
மூன்று கரிப்புள்ளி.
"இந்தக் காலத்துல விறகாக்கா?"
துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.
ஒரு புள்ளி போகவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது
அவர்கள் குளியலறையை எட்டிப் பார்த்தேன்.
அதே கம்பெனி, அதே வெள்ளைப் பெட்டி.
ஜன்னலில் பூப்போட்ட பிளாஸ்டிக் திரை
ஆணி அடித்து இறுக்கியிருந்தது.
சொன்னேன்.
"எங்களுது புது மாடல்க்கா" என்றாள்.
மறுபடி சொன்னேன்.
விரிப்பைப் பிரித்து
அந்த ஒரு புள்ளியைப் பார்த்தாள்.

இப்போது காலை ஐந்தரை.
எங்கள் பாய்லரில் தண்ணீர் முனகுகிறது.
சுவருக்கு அந்தப் பக்கம்
டப்பென்று பற்றுகிறது.
குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு
காதைக் கல்லில் ஒட்டி நிற்கிறேன்.
தண்ணீர் விழுகிறது.
உடம்பில்தான் விழுகிறது.
இன்னும் உடம்பில்தான்.