கழுத்தளவு

போர்களை எழுத ஆட்கள் இருந்தார்கள்.
எனக்கு இட்ட வேலை அவர் உடம்பை எழுதுவது.
தோள், மார்பு, கை நீளம், கழுத்து,
வருடத்துக்கு இருமுறை,
பெருநாளுக்கு முன்பும் படையெடுப்புக்கு முன்பும்.

ஸ்டோயன் என்று பிறந்தவன் நான்.
பன்னிரண்டு வயதில் சிவப்புச் சட்டை மாட்டி
மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள்.
இஸ்தான்புல் வந்து சேர்கையில் பெயர் ஃபிரூஸ்.
ஊசி பிடிக்கத் தெரிந்ததால்
வாள் பிடிக்காமல் தப்பினேன்.

அவர் பட்டமேற்ற இரவு,
கழுத்து: பத்தொன்பது விரற்கடை.
மூச்சு விட்டால் வைரப் பொத்தான் ஏறி இறங்கும்.
இளைஞர். கண்ணாடி பார்த்துச் சிரித்தார்.
"இன்னும் கொஞ்சம் பிடி" என்றார்.

விடியலில் வேறு வேலை வந்தது.
ஐந்து தம்பிகள்.
அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாதாம்;
பட்டுநாண் அதற்குத்தான்.
ஐவரின் அளவும் என் ஏட்டில் இருந்தது.
போன வசந்தத்தில் சுன்னத்து விழாவுக்குத் தைத்தவன் நானல்லவா.
கடைக்குட்டி ஜுனைத்
பாதாம் போட்டுக்கொள்ள உள்பக்கம் ஒரு பை கேட்டான்.
வைத்துக் கொடுத்தேன்.
கஃபன் துணியில் பை வைக்க வழியில்லை.
ஏட்டைத் திறக்காமலே வெட்டினேன்.

பிறகு
டான்யூப் கரையில் கோட்டைகள் விழுந்தன.
வெனிஸ் தூதர்கள் குனிந்து
என் தையலின் ஓரத்தைத்தான் முத்தமிட்டார்கள்.
குவிமாடங்கள் எழும்பின. தண்ணீர் வந்தது.
எடை குறைத்த ரொட்டிக்காரனைக்
காதில் ஆணியடித்துக் கடைக் கதவில் நிறுத்தினார்.
பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் வந்தபோது
மழையில் நின்று மூட்டை எண்ணினார்.
நல்ல ராஜா என்றார்கள். ஆமாம்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் ஏட்டில் மட்டும் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.
மூன்றாம் ஆண்டு: "இறுக்குகிறது." இருபது.
ஏழாம் ஆண்டு: இருபத்திரண்டு.
சதை போடவில்லை.
நாடாவுக்கு அதே பத்தொன்பதுதான்,
துணிதான் விலகிக்கொண்டே போனது.
வைரப் பொத்தான் போயிற்று,
பிறகு பொத்தானே போயிற்று.
எதிர்னே மாளிகையில் பனி கொட்டும்போது
ரோம அங்கிக்குள் கழுத்து திறந்தபடி இருமுவார்.
ஹக்கீம் கொடுத்த சால்வையைப்
பாம்பை உதறுவதுபோல் உதறினார்.

நாடா கழுத்தைச் சுற்றும் அந்த ஒரு நொடி,
பாதி உலகம் அஞ்சுகிற மனிதர்
கண்ணை இறுக மூடிக்கொள்வார்.
தொண்டைக்குழித் துடிப்பு என் விரலுக்குத் தெரியும்.
எண்சாண் உடம்பில் அந்த ஒரு விரற்கடைதான்
அவர் ஆளாத நிலம்.

ஒரே ஒருமுறை கேட்டார்:
"சின்னவன் பை வைத்துக்கொண்டானே,
அதில் என்ன இருந்தது?"
"தெரியாது, பாதுஷா."

தெரியும்.
உடுப்பைக் கழற்றி என்னிடம்தான் தந்தார்கள்.
மூன்று பாதாம்.
ஒன்று கடித்தது.

முப்பத்தோராம் ஆண்டு, இருமலில் போனார்.
கஃபனுக்குத் தையல் இல்லை,
கழுத்துப்பட்டி இல்லை,
எனக்கும் வேலை இல்லை.
அங்கிகளை மடித்து மூட்டையாக்கிச் சீட்டு எழுதினேன்:
பெயர், ஆண்டு, துணி.
கழுத்து ஏன் இப்படி என்று
எழுதச் சீட்டில் இடமில்லை.

நேற்று புதியவர் வந்து நின்றார்.
பதினெட்டு வயது, ரோஜா அத்தர்.
கண்ணாடி பார்த்து
"இன்னும் கொஞ்சம் பிடி" என்கிறார்.
வாசலில் சரக்கறைக்காரன்
வெள்ளைத் துணிக் கட்டோடு நிற்கிறான்,
எத்தனை முழம் என்று கேட்டுக்கொண்டு.